கதிர்வீச்சு படும் செராமிக் ஆக்சைடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீங்கான் என்றதும் கோப்பைதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றியா பேசப்போகிறோம்?

கோப்பை தூரத்துச் சொந்தம். இங்கே பேச்சு, உலோக அயனிகளும் ஆக்சிஜன் அயனிகளும் வரிசை தப்பாமல் அடுக்கிய திடப்பொருள்களைப் பற்றி. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு), சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு), ஸ்பினல் (மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு), குவார்ட்ஸ் (சிலிக்கன் ஆக்சைடு) எல்லாம் இதில் அடக்கம். உலகின் பெரும்பாலான அணு மின் உலைகளில் எரியும் யுரேனியம் டை ஆக்சைடும் ஒரு செராமிக்தான். சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருளை வில்லைகளாக அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்பார்கள். செய்முறையில் அது குயவர் வேலைக்கு அவ்வளவு தூரமில்லை.

படிகத்தில் "குறை" என்றால் விரிசலா?

விரிசல் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. நாம் சொல்லும் குறை அணு அளவில் இருப்பது. ஓர் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமனே கிடந்தால் அது காலியிடம். இடமே இல்லாத சந்தில் ஓர் அணு புகுந்துகொண்டால் அது இடைச்செருகல். பழைய ஏடுகளில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாட்டைச் சொல்லும் அதே சொல் இங்கேயும் அழகாகப் பொருந்துகிறது. மெக்னீசியம் உட்கார வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் அது இடம் மாறிய அணு.

ஓர் அணு தன் இடத்தை விட்டுப் போய்ப் பக்கத்துச் சந்தில் ஒளிந்துகொண்டால், காலியிடமும் இடைச்செருகலும் சேர்ந்து ஒரு சோடி உருவாகும். 1926இல் யாக்கவ் ஃப்ரெங்கல் இதை விளக்கினார், அதனால் ஃப்ரெங்கல் இணை என்று பெயர். ஷாட்கி குறை வேறு வகை. அதில் நேர்மின் அயனிகளின் இடங்களும் எதிர்மின் அயனிகளின் இடங்களும் கணக்குச் சரியாக ஒன்றாகக் காலியாகும். மெக்னீசியாவில் ஒரு மெக்னீசியம் போனால் ஓர் ஆக்சிஜனும் போக வேண்டும்.

அப்படியானால் கதிர்வீச்சே படாத படிகத்திலும் குறை இருக்குமா?

இருக்கும். வெப்பநிலை தனிச்சுழியத்துக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேலே இருந்தாலே கொஞ்சம் குறை இருந்தே தீரும், வெப்ப இயக்கவியல் அப்படி. சில பொருள்களில் நாமே வேண்டுமென்று குறையைப் போடுகிறோம். சிர்க்கோனியாவோடு யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) கலந்தால், உள்ளே போகும் ஒவ்வோர் இரண்டு யிட்ரியத்துக்கும் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். அந்தக் காலியிடங்கள் வழியே ஆக்சிஜன் அயனிகள் தாவித் தாவிப் போவதால்தான் கார் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி வேலை செய்கிறது. குறை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம்.

சரி, கதிர்வீச்சு உள்ளே போய் என்னதான் செய்கிறது?

இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அணுக்கருவை நேரடியாக மோதி இடத்திலிருந்து தள்ளுவது. இன்னொன்று, எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவது. நியூட்ரான் முதல் வேலையில் கெட்டி. காமாவும் எலெக்ட்ரான் கற்றையும் பெரும்பாலும் இரண்டாவது. அயனிகள் இரண்டையும் செய்யும், வேகத்தைப் பொறுத்து விகிதம் மாறும்.

ஓர் அணுவை நிரந்தரமாக நகர்த்த ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். யுரேனியம் டை ஆக்சைடில் யுரேனியத்துக்குச் சுமார் 40 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), ஆக்சிஜனுக்குச் சுமார் 20. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு செராமிக்குள் புளூட்டோனியம்-239 அணு ஒன்று இருக்கிறது. அது சிதைந்து ஆல்ஃபா துகளை வெளியே எறிகிறது. அந்தத் துகளுக்குச் சுமார் 52 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஆனால் அது பத்து, இருபது மைக்ரோமீட்டர் தூரம் ஓடி, ஆற்றலில் பெரும்பங்கை எலெக்ட்ரான்களுக்கே கொடுத்துவிடும். ஓட்டத்தின் கடைசியில்தான் அணுக்களை இடிக்கும், இடம்பெயர்வது நூறு, இருநூறு. துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்குமே, அதுபோல மிஞ்சிய யுரேனியம் அணு எதிர்த்திசையில் உதைபடும். அதன் ஆற்றல் வெறும் 86,000 எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஆனால் அது கனமான அணு, மெதுவாகப் போவது, எதிரே வருவதையெல்லாம் இடிப்பது. 20, 30 நானோமீட்டருக்குள் ஆயிரம் அளவில் அணுக்களைக் கலைத்துப்போட்டுவிட்டு நின்றுவிடும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் பட்டதும் காய்கள் சிதறுவது போன்றது என்று சொல்வார்கள். ஒரு திருத்தம்: இங்கே காய்கள் பலகையில் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் பக்கத்துக் காயோடு ஸ்பிரிங் போட்டுக் கட்டப்பட்டவை.

இந்த அமளி முழுக்க பத்து பிக்கோ விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் பிக்கோ விநாடி. அந்தச் சின்ன இடம் உருகினது போலக் கலங்கி, உடனே குளிரும். குளிரும்போது பெரும்பாலான அணுக்கள் ஏதாவது ஓர் ஒழுங்கான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். உட்காராமல் மிஞ்சியவைதான் சேதம். எவ்வளவு கலைந்தது என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்தே கிளம்புகின்றன.

உலோகத்துக்கும் இதே கதைதானே? செராமிக்கில் என்ன தனி?

மோதல் ஒன்றுதான், பின்விளைவு வேறு. உலோகத்தில் எல்லா அணுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, எந்தக் காலியிடத்திலும் எது உட்கார்ந்தாலும் சரி. ஆக்சைடில் நேர்மின் இடம், எதிர்மின் இடம் என்று இரண்டு வரிசை. ஆக்சிஜன் போய் அலுமினியத்தின் இடத்தில் உட்கார முடியாது. மின்சமநிலையும் பார்க்க வேண்டும். ஆகவே வீடு திரும்பும் வழி குறுகல்.

எலெக்ட்ரான் சமாசாரமும் இருக்கிறது. உலோகத்தில் கிளம்பிய எலெக்ட்ரான் உடனே அங்கே சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான் கடலோடு கலந்துவிடும். மின்காப்புப் பொருளான ஆக்சைடில் அது எங்காவது காலியிடத்தில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம். சிலிக்கன் சில்லுகளின் மெல்லிய ஆக்சைடு படலத்தில் இப்படி மாட்டும் மின்னேற்றம்தான் விண்கலங்களில் டிரான்சிஸ்டர்களைத் தடுமாற வைக்கிறது. அங்கே ஓர் அணுகூட நகர வேண்டியதில்லை.

டி.பி.ஏ. என்று ஓர் அளவு சொல்கிறார்களே?

"டிஸ்பிளேஸ்மென்ட்ஸ் பெர் ஆட்டம்" என்பதன் சுருக்கம், ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்ற கணக்கு. ஒரு டி.பி.ஏ. என்றால் சராசரியில் ஒவ்வோர் அணுவும் ஒருமுறை தள்ளப்பட்டது. கின்சினும் பீஸும் 1955இல் போட்ட சூத்திரத்தை 1975இல் நார்கெட், ராபின்சன், டாரன்ஸ் மூவரும் செப்பனிட்டார்கள், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில். வெவ்வேறு உலைகளில், வெவ்வேறு கற்றைகளில் செய்த சோதனைகளை ஒப்பிட இது கைகொடுக்கும். ஆனால் திரும்பி வந்த அணுக்களை இது கழிப்பதில்லை. அதனால் "இத்தனை டி.பி.ஏ. தாங்கியது" என்று மட்டும் எழுதி, எந்த வெப்பநிலையில் என்று சொல்லாத வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கதிர்வீச்சு பட்ட படிகங்கள் நிறம் மாறுவது ஏன்?

இது கண்ணால் பார்க்கக்கூடிய அழகான பகுதி. ஆக்சிஜன் போன காலியிடத்தில் ஒன்றோ இரண்டோ எலெக்ட்ரான் சிக்கிக்கொண்டால் அது குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விழுங்கும். இதற்கு எஃப் மையம் என்று பெயர். நிறத்துக்கான ஜெர்மன் சொல்லான "ஃபார்பெ"யின் முதலெழுத்து அது. அலுமினாவிலும் மெக்னீசியாவிலும் இவை விழுங்குவது பெரும்பாலும் புற ஊதா ஒளி, ஆகவே கண்ணுக்கு உடனே தெரியாது. குவார்ட்ஸ் வேறு மாதிரி. அதில் சிலிக்கன் இடத்தில் ஒட்டிக்கொண்ட அலுமினியம் கொஞ்சம் இருந்தால், காமா பட்டதும் பக்கத்து ஆக்சிஜனிலிருந்து எலெக்ட்ரான் கழன்று, தெளிந்த கல் புகைபிடித்தாற்போல் பழுப்பாகும். இயற்கையில் கிடைக்கும் புகைக் குவார்ட்ஸ் பாறையின் கதிரியக்கத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறி அப்படி ஆனது. சில நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் நிறம் போய்விடும், திரும்பக் காமா காட்டினால் திரும்ப வரும்.

கண்ணாடியும் இப்படிப் பழுப்பேறும். அதனால்தான் கதிரியக்கப் பொருளைக் கையாளும் அறைகளின் தடித்த கண்ணாடி ஜன்னல்களில் சீரியம் சேர்க்கிறார்கள்.

கதிரியக்கத் தொழிலாளர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் இதே வித்தையைப் பிழைப்பாக்கியிருக்கிறார்கள். கார்பன் சேர்த்து வளர்த்த அலுமினியம் ஆக்சைடில் ஆக்சிஜன் காலியிடங்கள் ஏராளம். கதிர்வீச்சு கிளப்பும் எலெக்ட்ரான்கள் அந்தப் படிகத்தின் பொறிகளில் விழுந்து காத்திருக்கும். மாதக் கடைசியில் பச்சை ஒளி பாய்ச்சினால் விடுபட்டு எஃப் மையங்களுக்குப் போய் நீல ஒளியாக வெளிவரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது.

கல் தானாகவே கண்ணாடி போல ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சிர்க்கான் என்ற கனிமத்தைப் பாருங்கள், சிர்க்கோனியம் சிலிக்கேட். வளரும்போதே கொஞ்சம் யுரேனியத்தையும் தோரியத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆல்ஃபா சிதைவு அடையும். ஒவ்வொரு சிதைவும் மேலே பார்த்த ஆயிரம் அணுக் கலவரத்தை ஒரு துளி இடத்தில் நடத்தும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் படிகத்தின் ஒழுங்கே மறைந்துவிடும். வெளி வடிவம் மட்டும் முகப்புகளோடு அப்படியே நிற்கும். உள்ளே எக்ஸ்-கதிர் பாய்ச்சினால் கூர்மையான கோடுகளுக்குப் பதில் மங்கலான ஒரு வளையம்.

இந்த நிலைக்கு "மெட்டாமிக்ட்" என்று நார்வே நிலவியலாளர் புரோகர் பெயர் வைத்தது 1893இல். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதோ 1896இல். காரணம் தெரியாமலே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார். ஆல்ஃபா துகள்தான் காரணம் என்று ஹாம்பெர்க் என்ற ஆய்வாளர் 1914இல் சொன்னார்.

முற்றிலும் இப்படி ஆன சிர்க்கான் சுமார் 18 விழுக்காடு உப்பும். ஒரே கல்லுக்குள் யுரேனியம் அதிகமான அடுக்கு உப்ப, குறைவான அடுக்கு உப்பாமல் நிற்க, நடுவே விரிசல் விழும். அந்த விரிசல் வழியாக ஈயம் கசிந்தால் யுரேனியம்-ஈயக் காலக்கணிப்பு பொய் சொல்லும். பாறைகளின் வயதைக் கணிப்பவர்கள் சேதமான பகுதியை அமிலத்தில் கரைத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை அளப்பது இதனால்தான். இத்தனைக்கும் 440 கோடி ஆண்டு பழைய சிர்க்கான் துணுக்குகள் இன்றும் படிகமாகவே கிடைத்திருக்கின்றன. யுரேனியம் குறைவு, அவ்வப்போது சூடு பட்டு ஆறியது, இரண்டும் சேர்ந்து காப்பாற்றியிருக்கின்றன.

அப்படியென்றால் யுரேனியம் டை ஆக்சைடு முதலிலேயே கண்ணாடியாக வேண்டுமே?

நியாயமான சந்தேகம். உலைக்குள் ஒவ்வொரு அணுக்கருப் பிளவிலும் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது, அதில் 17 கோடி அளவு இரண்டு துண்டுகளின் ஓட்டத்தில். எரிபொருள் ஆயுள் முடிவதற்குள் ஒவ்வோர் அணுவும் ஆயிரம் முறை அளவில் இடம்பெயர்ந்திருக்கும். ஆனாலும் அது படிகமாகவே வெளியே வருகிறது.

காரணம் அதன் ஃப்ளோரைட் கட்டமைப்பு. ஆக்சிஜன்கள் கனசதுர மூலைகளில் நிற்கும். அந்தக் கனசதுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் யுரேனியம், மீதி காலி. வந்தவர் போனவரெல்லாம் தங்க அறை இருக்கிறது. கூடுதல் ஆக்சிஜனையும் பிளவில் பிறந்த சில தனிமங்களையும் அது சமாளித்துக்கொள்ளும். கலைந்த அணுக்கள் திரும்பப் போய் ஒழுங்குபடவும் அதிகப் பாடுபட வேண்டாம்.

ஆனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 8 வாட் அளவுதான், செம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சூடு ஏற ஏற அதுவும் குறையும். குறைகள் சேரச் சேர, வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வலைகள் அவற்றில் மோதிச் சிதறி இன்னும் குறையும். வில்லையின் நடுப்பகுதி விளிம்பைவிடப் பல நூறு டிகிரி சூடாக இருப்பது இதனால்தான்.

நீண்ட நாள் எரிந்த வில்லையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளி விளிம்பில் விசித்திரம் ஒன்று தெரியும். உள்ளே 10 மைக்ரோமீட்டர் அளவில் இருந்த படிகத் துகள்கள், கடைசி ஒன்றிரண்டு நூறு மைக்ரோமீட்டர் பட்டையில் மட்டும் 0.1 முதல் 0.3 மைக்ரோமீட்டராகப் பொடிந்து, இடையே வட்ட வட்டமாகத் துளைகள். துளைகளில் செனான் போன்ற பிளவு வாயுக்கள். விளிம்பில் யுரேனியம்-238 நியூட்ரான்களை அதிகமாக விழுங்கிப் புளூட்டோனியமாக மாறுவதால் அங்கே எரிப்பு கூடுதல். போதாததற்கு விளிம்பு குளிர்ந்த இடம், சேதத்தை ஆற்றும் சூடு இல்லை. படிகம் கண்ணாடியாவதற்குப் பதில் தன்னையே பொடிப்பொடியாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

கடினமான பொருள் என்றால் கதிர்வீச்சையும் தாங்கும்தானே?

சம்பந்தமே இல்லை. பெரிலியம் ஆக்சைடு வெப்பத்தை அருமையாகக் கடத்தும், கடினமும்கூட. ஆனால் அதன் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்பாது. ஒரு துகள் நீளவாக்கில் உப்ப, பக்கத்துத் துகள் வேறு திசையில் உப்ப, இணைப்புகள் பிய்ந்து கடைசியில் தூளாகவே போகலாம். அலுமினாவிலும் இந்தத் திசைபேத வீக்கம் உண்டு. கனசதுரச் சமச்சீர் கொண்ட மெக்னீசியா, ஸ்பினல் ஆகியவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பிறகு எது தாங்கும்?

என் கணக்கில், ஏற்கனவே கொஞ்சம் ஒழுங்கற்று வாழப் பழகிய பொருள். ஸ்பினலில் மெக்னீசியமும் அலுமினியமும் இடம் மாற்றிக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை. மோதல் வந்தால் அவை மாறி உட்கார்ந்து நிலைமையைச் சமாளித்துவிடும், காலியிடங்களும் இடைச்செருகல்களும் சட்டென்று ஒன்றையொன்று கண்டு அழிந்துபோகும்.

பைரோகுளோர் குடும்பம் இன்னும் நல்ல உதாரணம். ஃப்ளோரைட்டிலிருந்து எட்டில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு மீதியை வரிசைப்படுத்தியது போன்ற கட்டமைப்பு அது. கடோலினியம் டைட்டனேட் அயனிக் கற்றைக்கு முன்னால் சீக்கிரமே படிக உருவை இழக்கும். டைட்டானியத்தை எடுத்துவிட்டுச் சிர்க்கோனியம் போட்டால், அதே கற்றைக்கு அது ஒழுங்கற்ற ஃப்ளோரைட்டாக மாறி நின்றுவிடும், கண்ணாடியாகாது. காரணம் அயனிகளின் அளவு. கடோலினியமும் சிர்க்கோனியமும் அளவில் நெருக்கம், இடம் மாறினாலும் உறுத்தாது. டைட்டானியம் சின்னது, தப்பான இடத்தில் உட்கார்ந்தால் உறுத்தும். 2000ஆம் ஆண்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த குழுவினர் எர்பியம் சேர்மங்களை வைத்து இதே போக்கைக் காட்டினார்கள்.

சூடாக்கினால் சேதம் சரியாகிவிடுமா?

பெரும்பாலும். நகர ஆற்றல் கிடைத்தால் அணுக்கள் வீடு திரும்பும். ஆனால் குறைகள் தனித்தனியாக இருக்கும்போது சூடேற்றினால்தான் முழுப் பலன். இடைச்செருகல்கள் தட்டுத் தட்டாகவும் காலியிடங்கள் குமிழ்களாகவும் திரண்டுவிட்டால் அப்புறம் கலைப்பது பாடு. உள்ளே ஹீலியம் சேர்ந்திருந்தால் சூடேற்றுவதே குமிழை ஊதிப் பெருக்கும்.

அபடைட் கனிமத்தில் யுரேனியம்-238 தானாகப் பிளக்கும்போது துண்டுகள் விட்டுச்செல்லும் தடங்கள் சுமார் 16 மைக்ரோமீட்டர் நீளம். அமிலத்தில் தோய்த்தால் சாதாரண நுண்ணோக்கியிலேயே கீறல்களாகத் தெரியும். 110, 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலவியல் கால அளவில் இருந்தால் அவை அழிந்துவிடும். ஒரு மலை எப்போது மேலெழுந்து குளிர்ந்தது என்பதை எஞ்சிய தடங்களை எண்ணியே சொல்கிறார்கள்.

அணுக்கழிவைச் செராமிக்கில் பூட்டி வைப்பது என்றால், பல்லாயிரம் ஆண்டுச் சேதத்தை இன்றைக்கு எப்படிச் சோதிப்பது?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டெட் ரிங்வுட் 1978இல் முன்வைத்த "சின்ராக்" என்ற செயற்கைப் பாறை முதலே இந்தக் கேள்வி உண்டு. கழிவுத் தனிமங்களை ஹாலண்டைட், சிர்க்கோனோலைட், பெரோவ்ஸ்கைட் போன்ற படிகங்களுக்குள் குடியேற்றும் யோசனை அது.

சோதிக்க மூன்று வழி. அயனிக் கற்றையால் சில மணி நேரத்தில் அடித்துப் பார்ப்பது ஒன்று. வேகமாக நடக்கும், ஆனால் மேல்தோல் மட்டும் சேதமாகும், ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. இன்னொன்று புளூட்டோனியம்-239க்குப் பதில் 238ஐப் போடுவது. அதன் அரை ஆயுள் 87.7 ஆண்டு, 239க்கோ 24,110 ஆண்டு. ஒரே அளவு போட்டால் சுமார் 275 மடங்கு வேகத்தில் சேதம் சேரும். மூன்றாவது, இயற்கையே செய்துவைத்த சோதனையைப் படிப்பது. பழைய சிர்க்கோனோலைட், பைரோகுளோர், சிர்க்கான் கற்களை எடுத்து, கண்ணாடியான பின்னும் யுரேனியத்தைப் பிடித்து வைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. எனக்கு நம்பிக்கை அதிகம் இந்த மூன்றாவதில்தான். மோனசைட் போன்ற கனிமம் தோரியம் நிறையச் சுமந்தும் பெரும்பாலும் படிகமாகவே கிடைக்கிறது. அது குறைந்த சூட்டிலேயே தன்னை ஆற்றிக்கொள்வதால் அப்படி.

கான்கிரீட்டுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. உலையைச் சுற்றியுள்ள கான்கிரீட் கவசத்தில் இருக்கும் ஜல்லியில் குவார்ட்ஸ் இருந்தால், நியூட்ரான் பட்டு அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65இலிருந்து 2.26 கிராம் வரை இறங்கலாம். ஜல்லி உப்பும், சுற்றியுள்ள சிமெண்டு விரிசல் விடும். சுண்ணாம்புக்கல் ஜல்லிக்கு இந்தத் தொல்லை குறைவு.

இந்தச் சேதத்தை எதைக் கொண்டு பார்க்கிறார்கள்?

எக்ஸ்-கதிர் விளிம்புவளைவில் கோடுகள் அகலமாவதும் இடம் நகர்வதும் முதல் அறிகுறி. ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குமிழ்கள், தட்டுகள் எல்லாம் நேரடியாகத் தெரியும். ராமன் நிறமாலை பிணைப்புகள் கலைந்ததைக் காட்டும். நுண்ணோக்கிக்கே தெரியாத ஒற்றைக் காலியிடத்தைத் தேட, எலெக்ட்ரானின் நேர்மின் எதிர்ச்சோடியான பாசிட்ரானை அனுப்புவார்கள். அது காலியிடத்தில் போய்ப் பதுங்கி, கொஞ்சம் கூடுதல் நேரம் உயிரோடிருக்கும், அந்தக் கூடுதல் நேரத்தை அளந்தால் போதும்.

கதிர்வீச்சு பட்ட செராமிக்கைத் தொட்டால் ஆபத்தா?

எதனால் பட்டது என்பதைப் பொறுத்தது. கோபால்ட்-60 காமாவில் வைத்த குவார்ட்ஸ் நிறம் மாறும், ஆனால் கதிரியக்கம் பெறாது. உலைக்குள் நியூட்ரான் பட்டது வேறு கதை. தூய அலுமினாவில் உருவாகும் அலுமினியம்-28க்கு அரை ஆயுள் இரண்டேகால் நிமிடம்தான், சீக்கிரம் அடங்கிவிடும். உள்ளே கலந்திருக்கும் துளிக் கோபால்ட்டோ யூரோப்பியமோ ஆண்டுக்கணக்கில் விடாது. ஆய்வுக்கு மாதிரி தயாரிக்கிறவர்கள் குறையைவிட மாசுக்கு அதிகம் பயப்படுவது இதற்காகத்தான்.